லெகோவில் பனி தள்ளும் லொறி: கொழும்பில் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் லெகோ கட்டும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பெட்டியோடு வரும் படக் கையேடு இல்லாமல், சொந்தமாக வடிவமைத்துக் கட்ட நினைப்பவர்களுக்கானது இது. சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துண்டின் மேலுள்ள புடைப்பு குமிழ். உயரமான துண்டு கட்டை. அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குள்ள மெல்லியது தட்டு. குமிழில்லாத வழவழப்பான தட்டு ஓடு. பனியைத் தள்ளும் முன்பகுதியைத் தகடு என்கிறேன்.

பனியே விழாத ஊரில் இதை எதற்குக் கட்ட வேண்டும்?

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின்மேல் படியும் உறைபனியோடு நம் நாட்டின் பனி முடிந்துவிடுகிறது. ஆனால் கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டை எடுத்தாலும் ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ சூரிச்சிலோ ஒரு சித்தப்பாவோ மாமியோ இருக்கிறார். மார்கழியில் வீடியோ அழைப்பு எடுத்தால் அவர்களுடைய ஜன்னலுக்கு வெளியே விளக்குச் சுழல அந்த லொறி போகிறது. இங்குள்ள பிள்ளை வாய் பிளந்து பார்க்கிறது. ஆசை அங்கேதான் பிறக்கிறது. அந்த ஆசை போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. தீயணைப்பு வண்டி அசையாமல் நின்றாலும் அழகாக இருக்கும். பனி தள்ளும் லொறி அப்படியில்லை. தகடு தவறினால் முழு வண்டியும் பொய்யாகத் தெரியும். தூக்குவது, திருப்புவது, பாரத்தைச் சமன் செய்வது என்று இயந்திரவியலின் பாதிப் பாடம் இந்த ஒரு வண்டியில் அடங்கியிருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட ஒரு பிள்ளைக்கு என்ன கட்டச் சொல்லலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உண்மையான லொறி எப்படிப் பனியை அகற்றுகிறது?

இது தெரியாமல் கட்டத் தொடங்கவே வேண்டாம். தகடு பனியை நேராக முன்னால் தள்ளிக்கொண்டு போவதில்லை. அப்படித் தள்ளினால் கொஞ்சத் தூரத்திலேயே முன்னால் ஒரு மேடு குவிந்து லொறி திணறி நின்றுவிடும். வீதியைத் துப்புரவு செய்யும்போது தகடு ஒரு பக்கமாகத் திருப்பப்பட்டிருக்கும். பொதுவாக 30 முதல் 35 பாகை வரை. லொறி ஓடும் வேகத்தில் பனி தகட்டின் வளைவில் மேலேறிச் சுருண்டு, பின்தள்ளியிருக்கும் முனைப்பக்கம் வழுக்கிப்போய் வீதியோரத்தில் விழுகிறது. ஆகவே வளைவும் திருப்பமும் அலங்காரத்துக்கு உள்ளவை அல்ல. வேலையைச் செய்பவையே அவைதான்.

தகட்டின் கீழ் விளிம்பில் எஃகிலோ இறப்பரிலோ ஒரு பட்டை தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். வீதியில் உரசித் தேயத் தேய அதை மட்டும் மாற்றுவார்கள். பல தகடுகளுக்குப் பின்னால் சுருள்வில்கள் இருக்கும். வீதியில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு மூடியில் இடித்தால் கீழ்ப்பகுதி மடங்கிக் கொடுத்து மறுபடி நிமிரும். தகட்டின் இரு மேல்மூலைகளிலும் மெல்லிய கம்பிகள் நிமிர்ந்து நிற்பதைப் படங்களில் பார்க்கலாம். தகட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்று சாரதி ஆசனத்திலிருந்து கண்டுகொள்வதற்காக அவை. மாதிரியில் இரண்டு நீளக் கம்பித் துண்டுகளை வைத்து நுனியில் செம்மஞ்சள் நிறச் சிறு வட்டத் துண்டு பூட்டினால் வேலை முடிந்தது. இவ்வளவு சிறிய ஒன்று மாதிரிக்கு இவ்வளவு உயிர் கொடுப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

தகட்டை எந்தப் பக்கம் திருப்புவது?

கொழும்பில் கட்டப்படும் மாதிரிகளில் இது பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். கை தானாகவே பனியை இடப்பக்கம் தள்ளும்படி தகட்டை வைத்துவிடுகிறது. பிரித்தானிய லொறி என்றால் அது சரி. கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் வாகனங்கள் வலப்பக்கம் ஓடுவதால் வீதியோரமும் வலப்பக்கம். ஆகவே தகட்டின் இடமுனை முன்னாலும் வலமுனை பின்னாலும் இருக்க வேண்டும். சாரதியின் ஆசனம் இடப்பக்கம்.

விளக்கையும் இதோடு பார்த்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பனி அகற்றும் வாகனங்களில் நீல விளக்கு மின்னும். பிரித்தானியாவில் மஞ்சள். லொறியின் நிறம் பிரித்தானியாவில் பெரும்பாலும் மஞ்சள், ஜெர்மனி, சுவிற்சர்லாந்துப் பக்கம் செம்மஞ்சள். எந்த நாட்டு வண்டி என்று முதலில் முடிவெடுத்துவிட்டால் இவையெல்லாம் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

எந்த அளவில் கட்டுவது நல்லது?

எட்டுக் குமிழ் அகலம். இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மில்லிமீற்றர் என்பதால் எட்டுக் குமிழ் 64 மில்லிமீற்றர். உண்மை லொறியின் அகலம் ஏறத்தாழ 2.55 மீற்றர். நாற்பதில் ஒன்று என்ற அளவு கச்சிதமாக வருகிறது. லெகோ பொம்மை மனிதரையும் ஆசனத்தில் இருத்தலாம். ஆறு குமிழில் கட்டினால் துண்டுகள் குறையும், ஆனால் தகட்டைத் தூக்கும் பொறிக்கு உள்ளே இடம் கிடைக்காது. தூக்காத, திருப்பாத சிறிய வண்டி போதும் என்பவர்களுக்கு ஆறு தாராளம்.

தகட்டின் நீளத்துக்கு ஒரு சிறிய கணக்குப் போட வேண்டும். தகடு திரும்பி நிற்கும்போது அது உண்மையில் மூடும் அகலம் குறைகிறது. 35 பாகை திருப்பினால் நீளத்தில் ஏறத்தாழ 82 வீதம்தான் மிஞ்சும். பத்துக் குமிழ் நீளத் தகடு அப்போது எட்டேகால் குமிழுக்கும் சற்றுக் குறைவாகவே மூடும். லொறியின் சில்லு துப்புரவாகாத பனியை உரசுமளவுக்கு நெருங்கிப் போகும். பதினொன்று என்றால் ஒன்பது குமிழ் மூடும். பன்னிரண்டு வைத்தால் கிட்டத்தட்ட பத்து. இரட்டை எண்ணில் கட்டுவது எளிது என்பதால் நான் பன்னிரண்டையே சொல்வேன்.

வளைந்த தகட்டைக் கட்டைகளில் எப்படிக் கொண்டுவருவது?

புல்டோசர் பெட்டிகளில் ஒரே வார்ப்பாக வரும் தகட்டுத் துண்டு கையில் இருந்தால் அதைப் பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் நீளம் நம் கையில் இல்லை. கட்டிச் செய்வதே மேல்.

நான் விரும்பும் முறை இது. தகட்டை மூன்று நீளப் பட்டைகளாகப் பிரியுங்கள்: கீழ், நடு, மேல். ஒவ்வொன்றும் இரண்டு குமிழ் அகலமும் பன்னிரண்டு குமிழ் நீளமும் கொண்ட தட்டு. அவற்றைப் பற்கள் உள்ள பிணைச்சல் துண்டுகளால் பின்பக்கமாக இணையுங்கள். இந்தப் பிணைச்சல்கள் 22.5 பாகைக்கு ஒரு தரம் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். இரண்டு மடிப்பிலும் ஒவ்வொரு பல் மடித்தால் கீழிருந்து மேல்வரை 45 பாகை வளைவு கிடைக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வளைவாகத் தெரியும்; தகடு தன் பாரத்தில் தளர்ந்து விரிந்துகொள்வதும் இல்லை. இடையில் ஒரு பிணைச்சலும் இரு ஓரங்களில் இரண்டுமாக ஒரு மடிப்புக்கு மூன்று போதும்.

முன்முகம் முழுவதும் ஓடு பதியுங்கள். குமிழ் தெரிந்தால் பனி வழுக்காது என்பது பார்ப்பவரின் கண்ணுக்கே புரிந்துவிடும். நீள ஓடுகளைக் கிடையாகவே வையுங்கள். ஓட்டின் இணைப்புக் கோடுகள் நிலைக்குத்தாக வந்தால் வளைவு உடைந்து தெரியும். அடியில் ஒரு வரிசை மட்டும் கரும் சாம்பல் ஓடு. அதுதான் மேலே சொன்ன தேயும் பட்டை.

இதைவிட நுண்மையான வளைவு வேண்டுமானால் வளைந்த சரிவுக் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம். அதற்கு ஒரு அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஐந்து தட்டு உயரம் இரண்டு குமிழ் அகலத்துக்குச் சமம். தட்டு 3.2 மில்லிமீற்றர், ஐந்து தட்டு 16. இரண்டு குமிழும் 16. பக்கவாட்டில் திரும்பும் எந்தக் கட்டுமானமும் இந்தச் சமன்பாட்டில்தான் நிற்கிறது.

தகடு தூக்கும்போது முகம் வானத்தைப் பார்க்கிறது. என்ன செய்வது?

ஒற்றைக் கையில் பூட்டியிருப்பீர்கள். கை சுழலும்போது தகடும் சேர்ந்து சுழலத்தான் செய்யும். இருபக்கமும் மேலொன்று கீழொன்றாக, ஒரே நீளமுள்ள இரண்டு ரெக்னிக் சட்டங்களை (லெகோவின் துளையுள்ள நீளத் துண்டுகளை) பூட்டுங்கள். லொறிப் பக்கத்திலும் தகட்டுப் பக்கத்திலும் இரு துளைகளுக்கிடையே உள்ள தூரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். பாடசாலையில் படித்த இணைகரம்தான் இது. எவ்வளவு தூக்கினாலும் எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமாக இருப்பதால் தகடு நிமிர்ந்தே நிற்கும்.

இங்கே துளைகளைக் கோக்கும் ஊசியின் தேர்வு முக்கியம். கறுப்பு ஊசியில் உராய்வு உண்டு, சாம்பல் ஊசியில் இல்லை. தூக்கும் கைகளுக்குச் சாம்பல், தகட்டைத் திருப்பும் இடத்துக்குக் கறுப்பு. மாற்றிப் பூட்டினால் தகடு தூக்க மறுக்கும், திருப்பிய இடத்தில் நிற்கவும் நிற்காது.

தூக்கிய தகடு தானாக இறங்காமல் இருக்கத் திருகுப் புரி போன்ற பற்சில்லைப் பயன்படுத்துங்கள். அது 24 பற்கள் உள்ள பற்சில்லைச் சுழற்றும். ஆனால் அந்தப் பற்சில்லால் அதைத் திருப்பிச் சுழற்ற முடியாது. கைபிடியை 24 தரம் திருகினால் பற்சில்லு ஒரு சுற்று. தகட்டை 30 பாகை தூக்க இரண்டு சுற்றுப் போதும். கைபிடியை லொறியின் பின்பக்கமாகக் கொண்டுவாருங்கள். முன்னால் வைத்தால் தகடு மறிக்கும்.

முன்பக்கம் சாய்ந்து விழுகிறதே?

பின்னால் பாரம் இல்லை. உண்மை லொறியில் அந்தப் பாரம் உப்பு. அந்தத் தொட்டியைக் கட்டிவிட்டால் சாய்வு நின்றுவிடும்.

உப்புத் தூவும் பகுதியை எப்படிச் செய்வது?

தலைகீழ்ச் சரிவுக் கட்டைகளை எதிரெதிராக வைத்தால் கீழே ஒடுங்கும் தொட்டி கிடைக்கும். அதன் அடியில், பின்பம்பரின் கீழ் ஒரு வட்டத் தட்டு. உண்மையில் அந்த வட்டு வேகமாகச் சுழன்று உப்பை விசிறி எறிகிறது.

ஆனையிறவிலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைகிறதே, அதே சோடியம் குளோரைட்டுதான் அங்கும் வீதியில் போடப்படுகிறது. உப்புக் கலந்த நீர் பூச்சியத்துக்குக் கீழேதான் உறையும் என்பதால் பனிக்கட்டி வீதியோடு ஒட்டாமல் இளகுகிறது. ஏறத்தாழ -9 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அப்போது கல்சியம் குளோரைட்டைக் கலப்பார்கள் அல்லது வழுக்காமல் இருக்க மணல் தூவுவார்கள். நோர்வே வண்டி கட்டுபவர் தொட்டியில் வெள்ளைக்குப் பதிலாக மணல் நிறச் சிறு வட்டத் துண்டுகளை நிரப்பினால் அதுவும் சரியே.

துண்டுகள் கொழும்பில் எங்கே கிடைக்கும்?

பெரிய கடைத்தொகுதிகளில் அசல் பெட்டிகள் இருக்கின்றன. விலை அதிகம், தேவையான துண்டை மட்டும் தனியாக வாங்கவும் முடியாது. தனித் துண்டுக்கு உலகெங்கும் உள்ளவர்கள் போவது பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தைக்கு. 2000 ஆம் ஆண்டு தொடங்கியது. 2019 முதல் லெகோ குழுமத்துக்குச் சொந்தம். அங்கே விற்பவர்கள் பல நாடுகளில் இருக்கும் தனித்தனிக் கடைக்காரர்கள். துண்டு மலிவு என்று மூன்று கடைகளில் பிரித்து வாங்கினால் மூன்று தபால் கட்டணம். கொழும்புக்கு வந்து சேரும்போது கட்டணமும் சுங்க வரியும் துண்டுகளின் விலையையே தாண்டிவிடலாம். எல்லாத் துண்டும் இருக்கும் ஒரே கடையைத் தேடுங்கள், ஒரு துண்டுக்குச் சில சதம் கூடினாலும் பரவாயில்லை.

இதைவிட நல்ல வழி நம் எல்லோரிடமும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் முகவரிக்கே அனுப்பச் சொல்லிவிட்டு, நல்லூர்த் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டை ஒன்று இரண்டரைக் கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோவில் நானூறு கட்டைக்கு மேல் அடங்கும். எட்டுக் குமிழ் லொறி ஒன்றின் துண்டுகள் பயணப் பெட்டியில் ஒரு சோடிச் சப்பாத்தின் இடத்தைக்கூடப் பிடிக்காது.

பழைய பெட்டி கிடைத்தாலும் விடாதீர்கள். 2015 இல் வந்த 60083 என்ற இலக்கப் பெட்டி பனி தள்ளும் லொறியேதான். 2019 இன் 60222 வேறு. அது பனிச்சறுக்குச் சரிவுகளைச் சமப்படுத்தும், சங்கிலிச் சில்லு வண்டி.

புறக்கோட்டையில் விற்கும் சீனக் கட்டைகளைக் கலக்கலாமா?

கலக்கலாம். லெகோ 1958 இல் விண்ணப்பித்த காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதே அளவில் கட்டை செய்வது யாருக்கும் சட்டப்படி உரிமையான வேலை. லெகோவின் பெட்டிகளையும் பொம்மை மனிதர்களையும் அப்படியே நகல் எடுத்து விற்பது வேறு விடயம், அவற்றை வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத உட்பகுதிக்கும் அடித்தளத்துக்கும் மலிவுக் கட்டை போதும். பிணைச்சல், ஊசி, பற்சில்லு மூன்றும் அசலாகவே இருக்கட்டும். இவற்றில் பிடி சற்றுத் தளர்ந்தாலும் தகடு தொங்கிவிடும்.

துண்டு வாங்கும் முன்பே கணினியில் கட்டிப் பார்க்க முடியுமா?

முடியும், கட்டாயம் செய்யுங்கள். பிரிக்லிங்கின் ஸ்ரூடியோ என்ற மென்பொருள் இலவசம். ஒரு துண்டு எந்தெந்த நிறத்தில் உண்மையிலேயே வெளிவந்திருக்கிறது என்று அது காட்டும். செம்மஞ்சள் லொறி கட்டுபவர்களுக்கு இது மிகவும் தேவை. கறுப்பில் தாராளமாகக் கிடைக்கும் துண்டு செம்மஞ்சளில் இல்லாமலே போகலாம். முடிவில் துண்டுப் பட்டியலும் எடுத்துக்கொள்ளலாம். பழகியவர்கள் எல்டிரோ என்ற இன்னொரு மென்பொருளையும் விரும்புகிறார்கள். 1995 இல் ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஜெசிமன் தொடங்கிய அந்த முயற்சியை இன்றும் ஆர்வலர்கள் வளர்த்துவருகிறார்கள்.

உறவினர் வீட்டுத் தெருவில் ஓடும் லொறியையே அப்படியே கட்ட ஆசை. என்னென்ன படம் கேட்பது?

நேர் முன்பக்கம், நேர் பக்கவாட்டு, தகட்டையும் லொறியையும் இணைக்கும் சட்டம். மூன்றாவதுதான் எவரும் எடுக்காத படம், அதுதான் மிகவும் தேவைப்படும். ஓடும் லொறிக்கு அருகே போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தரிப்பிடத்தில் நிற்கும்போது எடுத்தால் போதும்.

அளவுகோலாகச் சில்லைப் பயன்படுத்துங்கள். பெரிய லொறியின் சில்லு விட்டம் ஏறத்தாழ ஒரு மீற்றர். பக்கவாட்டுப் படத்தில் சில்லை அளந்து, மற்ற உறுப்புகள் அதைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். பல லெகோ ரயர்களின் பக்கத்திலேயே விட்டமும் அகலமும் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். எட்டுக் குமிழ் லொறிக்கு 24 மில்லிமீற்றர் ரயர் சரியாகப் பொருந்தும்.

காட்சிக்கு வைக்கும்போது பனிக்கு என்ன போடலாம்?

பஞ்சு தூசி பிடிக்கும். சீனியும் அரிசிமாவும் எறும்பைக் கூப்பிடும். உப்பு வேண்டவே வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்றில் அது கசிந்து, மோட்டார் வைத்திருந்தால் பற்றரி முனைகளை அரித்துவிடும். வெள்ளைச் சரிவுத் துண்டுகளையும் நிறமற்ற சிறு வட்டத் துண்டுகளையும் கலந்து குவியுங்கள். குவியல் தகட்டின் பின்முனையிலிருந்து தொடங்கி வீதியோரமாக நீண்டு போகட்டும். லொறிக்கு முன்னால் உள்ள வீதி வெள்ளை, பின்னால் கரும் சாம்பல். லொறி ஓடிக்கொண்டிருப்பதை இந்த இரண்டு நிறமே சொல்லிவிடும்.

மோட்டார் பூட்டலாமா?

பூட்டலாம். முதலில் கையால் தூக்கும் பொறி சரியாக வேலை செய்யட்டும். பிறகு கைபிடி இருந்த அச்சில் மோட்டாரைப் பொருத்தினால் போதும். பற்றரிப் பெட்டியை உப்புத் தொட்டிக்குள் வைத்தால் பின்பாரமும் கிடைக்கும்.

கடற்கரைப் பக்க வீடு. மாதிரியை எப்படிப் பாதுகாப்பது?

காலி வீதிக்குக் கடல்பக்கம் இருப்பவர்கள் பயன்படுத்தாத நாட்களில் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். வெயில் நேராகப் படும் ஜன்னலோரம் வைத்தால் வெள்ளைத் துண்டுகள் முதலில் மஞ்சளாகும். கழுவ வேண்டுமானால் 40 பாகைக்கு மேற்படாத இளஞ்சூட்டு நீரும் சிறிதளவு சவர்க்காரமும் போதும். கழுவியபின் மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். மோட்டாரையும் பற்றரிப் பெட்டியையும் நீரில் போடக்கூடாது.

தண்டவாளத்தில் பனி அகற்றும் வண்டி கட்டலாமா?

லொறி ஒன்று கட்டிப் பழகியபின் தாராளமாக. ரயிலுக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று ஆப்பு வடிவத் தகடு. மற்றது முன்னால் பெரிய சக்கரம் சுழன்று பனியை வெட்டித் தூர எறிவது. இரண்டாவதன் யோசனைக்கு 1869 இல் காப்புரிமை பெற்றவர் ரொறன்ரோவில் பல் வைத்தியராக இருந்த ஜே.டபிள்யூ. எலியட். லெகோவில் அந்தச் சக்கரத்தைச் செய்வது மிகவும் இன்பமான வேலை: ஒரு வட்டத் தட்டின் விளிம்பைச் சுற்றிப் பிடிதுண்டுகளைப் பூட்டி, அவற்றில் சிறு ஓடுகளைச் சாய்வாகப் பிடிக்கவைத்தால் அலகுகள் தயார். எல்லா அலகும் ஒரே பக்கம் சாய வேண்டும்.

கட்டியதைக் கனடாவிலிருக்கும் பெரியப்பாவுக்கு அனுப்ப விரும்புகிறேன். உடையாமல் போகுமா?

முழுதாக அனுப்பினால் உடைந்தே போய்ச் சேரும். தகட்டை நான்கு ஊசிகளில் கழற்றித் தனிப் பையில் போடுங்கள், மூலைக் கம்பிகளையும் விளக்குகளையும் இன்னொரு பையில். லொறியின் உடலை மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் இறுக்கிச் சுற்றி, பெட்டிக்குள் அசையாதபடி பத்திரிகைத் தாளால் நிரப்புங்கள். பற்றரி வைத்து அனுப்பாதீர்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாம். கழற்றிய ஒவ்வொரு இடத்தையும் கழற்றும் முன்பே படம் எடுத்து அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள். தகட்டின் எந்த முனை முன்னால் வர வேண்டும் என்பதையும் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.